வீட்டுக்குக் காய்ச்சல்

2015ஆம் ஆண்டு தொடக்கத்தில் நான் பாஸ்டன் நகரில் இருந்தேன். அந்தக் குளிர்காலத்தில் அங்கே மொத்தம் 110.6 அங்குலம் பனி விழுந்தது. ஒன்பது அடிக்கு மேல்! தெரு நெடுக, கூரை விளிம்புகளில் பனிக்கட்டி பளிங்குச் சரமாகத் தொங்கியது. கண்கொள்ளாக் காட்சிதான். எதிர்வீட்டுப் பெரியவரோ முகத்தைச் சுளித்தார்.

"வீட்டுக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது, ஐயா!" என்றார்.

கணப்பின் வெப்பம் மச்சுக்குக் கசிந்து கூரையைச் சூடாக்குகிறது. மேலே கிடக்கும் பனி அடியில் உருகி வழிகிறது. சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புக்கு அந்தச் சூடு எட்டாது. நீர் அங்கே உறைந்து அணை கட்டிவிடுகிறது. பின்னால் வருகிற நீர் தேங்கி, ஓடுகளுக்கடியில் புகுந்து, படுக்கையறையில் சொட்டுகிறது. வெளியே பனி, உள்ளே மழை!

பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். கோடரியும் கையுமாக ஏணியில் ஏறிவிட்டார். கட்டியோடு ஓடும் பெயரும். கால் வழுக்கினாலோ, கேட்கவே வேண்டாம்.

"இறங்குகிறீர்களா, ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா?" என்று கீழிருந்து கூவினாள் மனைவி.

இறங்கினார். பிறகு தரையில் நின்றபடியே, நீண்ட காம்புள்ள பனிவாரியால் விளிம்போரப் பனியை இழுத்துத் தள்ளினார். அது அன்றைய வைத்தியம். வேனிலில்தான் உண்மையான சிகிச்சை நடந்தது. மச்சுக்குச் சூடு ஏறும் சந்துகளை அடைத்து, தளத்தில் கண்ணாடிப் பஞ்சைக் கனமாகப் பரப்பினார்கள். விளிம்பிலிருந்து முகடுவரை காற்றோட வழி செய்தார்கள். மனிதனுக்குக் கதகதப்பு வேண்டும். கூரை குளிர்ந்தே கிடக்க வேண்டுமாம்!

மறு வருஷம் கடிதம் வந்தது. படுக்கையறையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஏணியை அந்த அம்மாள் யாருக்கோ கொடுத்துவிட்டாளாம்.