உத்திரமேரூர் பக்கம் ஒரு 'பெட்டி' பாடம்!

உத்திரமேரூர்னதும் உங்களுக்கு ஞாபகம் வர்றது குடவோலைக் கல்வெட்டுதானே ஃப்ரெண்ட்ஸ்? காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோ மீட்டர் பஸ்ஸில் போய், முதலாம் பராந்தக சோழன் காலத்து எழுத்தைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிடாதீங்க. பங்குனி, சித்திரை மாசம்னா, சுற்றுவட்டாரத்துல எந்த திரௌபதி அம்மன் கோயில்ல கூத்துனு டீக்கடையில விசாரிங்க. ராத்திரி களரி கட்டும்போது பாட்டுக்காரங்க பக்கமா உட்காருங்க. கண்ணு வேஷக்காரங்க மேல வேண்டாம், ஆர்மோனியப் பெட்டி மேல!

பெட்டியின் முன்பக்கம் வரிசையா குமிழ்கள் தெரியும். பேரு ஸ்டாப்பர். ஒன்றை இழுத்தால் கனத்த குரல் ரீடுகளுக்குக் காற்று போகும். இன்னொன்று ஒரு ஸ்தாயி மேலே பேசும். சில குமிழ்கள் ஒரே சுருதியை விடாமல் பிடித்து நிற்கும்.

'எல்லாத்தையும் இழுத்துட்டா சவுண்டு பிச்சுக்குமே?' என்பீங்க. அங்கேதான் நம்ம இன்ஜினீயரிங் மூளை தோற்கும். ரீடு கூடக் கூட காற்றும் கூடுதலாச் செலவாகும். துருத்தி போடுற கை விடியறதுக்குள்ள ஓய்ஞ்சிடும். பாடுறவர் குரலும் அமுங்கிடும்.

இந்தக் கணக்கு பாரீஸ்ல பிறந்தது. 1842-ல் அலெக்ஸாண்டர் தெபேன் அங்கே ஹார்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். செஸார் ஃபிராங்க் (1822-1890) மாதிரி ரொமான்டிக் காலத்து மேதைகள் அதற்காகவே இசை எழுதினார்கள். நோட்டுத்தாளில் வட்டத்துக்குள் எண் இருக்கும். 1 என்றால் இயல்பான ஸ்தாயி. 2 ஒரு ஸ்தாயி கீழே. 3 ஒரு ஸ்தாயி மேலே. 'எக்ஸ்பிரஷன்' குமிழை இழுத்தால், மிதிக்கிற காலின் அழுத்தம் நேராக நாதத்தில் கேட்கும். அழுகை, ஆவேசம் எல்லாம் பாதத்தில்! காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து வாசிக்கிற நம்ம பெட்டியில் அந்தப் பொறுப்பு இடது கைக்கு. 1875 வாக்கில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் செய்த மாற்றம் அது.

கமகம் வராதுனு 1940-ல் அகில இந்திய வானொலி இந்தப் பெட்டியைத் தள்ளி வைத்தது. 1971-லதான் தடை தளர்ந்தது. வானொலி தள்ளினாலும் கூத்துக்களம் கைவிடலை.

இப்போ கீபோர்டு பட்டனைத் தட்டினா நூறு விதமான நாதம் ரெடி. ஆனா எதை நிறுத்தணும்னு அது சொல்லித் தராது. துகிலுரிதல் கூத்துல திரௌபதி கண்ணனைக் கூப்பிடும்போது பெட்டிக்காரர் விரலைக் கவனிங்க. குமிழை உள்ளே தள்ளினார்னா, அந்தத் தனிக்குரலுக்கு வழிவிடுறார்னு அர்த்தம். அதைக் கத்துக்க ஒரு ராத்திரி கண்ணு முழிக்கலாம் பாஸ்!