ஒரு ஹெச்.பி. பயணம்!

பாஸ், உங்க பைக் எத்தனை ஹெச்.பி.? எட்டு? பதினெட்டு? போன மாசம் நான் ஓட்டின வண்டிக்கு ஒரே ஒரு ஹெச்.பி.தான். கியர் கிடையாது, ஹாரன் கிடையாது. பசிச்சா நடு வழியில நின்னு புல் மேயும்!

கரெக்ட்... குதிரைதான்! இடம், மகாராஷ்டிராவில் ராய்கட் மாவட்டத்தில் இருக்கிற மாதேரான். சுமார் 800 மீட்டர் உயரத்தில் ஒரு குட்டி மலை ஊர். ஆம்புலன்ஸ் மாதிரி அவசர வண்டி தவிர, காரோ பைக்கோ ஊருக்குள் நுழையக் கூடாது. தஸ்தூரி என்கிற இடத்தோடு எல்லாம் ஸ்டாப். அதுக்கு மேல நடராஜா சர்வீஸ், 1907-ல் ஓட ஆரம்பிச்ச குட்டி ரயில், இல்லேன்னா குதிரை. 2022 டிசம்பர்ல இ-ரிக்‌ஷாவும் வந்தாச்சு.

மும்பையில் ஒரு சிம்போசியம். பேப்பரை வாசிச்சு முடிச்சதும் கையில் ஒரு நாள் மிச்சம். லோக்கல் ரயிலில் நேரல், அங்கேயிருந்து ஷேர் டாக்ஸியில் தஸ்தூரி. நானும் என் ஃப்ரெண்டும் இறங்கினதுமே குதிரைக்காரர்கள் சூழ்ந்துக்கிட்டாங்க. பேரம் பேசி ரெண்டு குதிரை பிடிச்சேன். எனக்கு ராஜா. அவனுக்கு சேத்தக். ‘‘எங்கப்பாவோட பழைய ஸ்கூட்டர் பேருடா!’’னு சிரிச்சான். ஆனா, ஏறாம நின்னான்.

ஏன்னு எனக்குத் தெரியும். செகண்ட் இயர்ல ஒரு ராத்திரி நான் பைக்கை விரட்ட, வளைவில் கிடந்த மணலில் சறுக்கி விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னாடி இருந்த அவனுக்கு வலது கால் முறிஞ்சு, உள்ளே பிளேட் வெச்சாங்க. விழறதுக்கு முன்னாடி அவன் சொன்னது, ‘‘மாப்ள, மெதுவாப் போடா!’’ நான் கேட்கலை.

வீட்டுல, ‘நாய் குறுக்க வந்துடுச்சு’னு சொல்லி என்னைக் காப்பாத்தினான். பழையபடி பேசினான், டீ வாங்கிக் கொடுத்தான். ஆனா, அதுக்கப்புறம் என் பைக்ல அவன் ஏறினதே இல்லை. நானும் ஒரு ‘ஸாரி’ சொன்னதில்லை.

குதிரையில் இடது பக்கமா ஏறணும். இடது காலை இரும்பு வளையத்தில் வெச்சு எம்பி, வலது காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடணும். அந்த வலது கால்தான் பிரச்னையே! குதிரைக்காரர் ஒண்ணும் கேட்கலை. சேத்தக்கை ஒரு திண்ணை ஓரமா நிறுத்தினார். அவன் திண்ணை மேல ஏறி, அங்கேயிருந்து மெல்ல உட்கார்ந்துட்டான்.

செம்மண் பாதை, ரெண்டு பக்கமும் மரங்கள். முன்னாடி நான், பின்னாடி அவன், கூடவே நடந்து வர்ற குதிரைக்காரர். ஊருக்கே தண்ணி கொடுக்கிற சார்லட் ஏரியைத் தாண்டினதும் எனக்குள்ளே தூங்கிட்டு இருந்த ஹீரோ முழிச்சுக்கிட்டான். லகானை இறுக்கிப் பிடிச்சு, குதிகாலால் ஒரு தட்டு! ராஜா ஓட ஆரம்பிக்க, சேத்தக்கும் விடாம பின்னாடியே ஓட்டம். முன்னால போற குதிரை ஓடினா பின்னால வர்றதும் ஓடும் பாஸ். அது அதோட குணம்.

‘‘மாப்ள, மெதுவாப் போடா!’’

அதே குரல். அதே வார்த்தை. எனக்குக் குப்புனு வேர்த்துடுச்சு. லகானை இழுக்கிறேன், ராஜா தலையை உதறுது. குதிரைக்காரர் ஓடி வந்து பிடிச்சுக்கிட்டார். ‘‘டீலா சோடோ!’’னு கத்தினார். தளர்த்தி விடுன்னு அர்த்தம். ‘எப்பவும் இறுக்கிப் பிடிச்சா அதுக்கு வாய் வலிக்கும், மிரளும். நிறுத்தணும்னா லேசா இழு, நின்னதும் உடனே விட்டுடு’னு இந்தியில் டோஸ் விட்டார். சினிமா பார்த்துக் கத்துக்கிட்ட இந்திக்கே அது நல்லாப் புரிஞ்சுது.

அப்புறம் நான் ஒழுங்குப் பிள்ளை. ஏத்தத்துல முன்னாடி சாயணும், இறக்கத்துல பின்னாடி சாயணும். முன் குதிரைக்கு ஒரு குதிரை நீளம் இடைவெளி விடணும். நெருங்கினா உதை விழும்! பேசிக்கிட்டே நடந்தார் குதிரைக்காரர். ‘இ-ரிக்‌ஷா பெருகினா எங்க பொழப்பு என்னாகும்?’னு கேட்டார். மனுஷன் இழுக்கிற ரிக்‌ஷாவை ஆறு மாசத்துக்குள்ள நிறுத்தச் சொல்லி 2025 ஆகஸ்ட்டில் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டதே, அது இந்த ஊருக்குத்தான். அது நல்ல விஷயம்தான். ஆனா, அவர் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை.

லூயிஸா பாயின்ட்டில் இறங்கினோம். எதிரே பிரபல்காட் கோட்டை மலை. கீழே பள்ளத்தாக்கு. கொஞ்ச நேரம் ரெண்டு பேருமே பேசலை.

‘‘ஸாரிடா.’’

‘‘எதுக்கு? இப்ப ஓட்டினதுக்கா?’’

‘‘அன்னிக்கு ஓட்டினதுக்கு.’’

அவன் சேத்தக் கழுத்தைத் தடவிக்கிட்டே இருந்தான். அப்புறம் சொன்னான்... ‘‘ரெண்டு வருஷம் ஆச்சாடா இதைச் சொல்ல? ஊருக்குப் போனதும் நான் ஓட்டுறேன். நீ பின்னாடி உட்காரு.’’

நீங்க மாதேரான் போனா, ஏறுறதுக்கு முன்னாடியே ரேட் பேசிடுங்க. ஹெல்மெட் கேட்டு வாங்கிப் போடுங்க. ‘வேகமா ஓடவிடுங்கண்ணா’னு மட்டும் கேட்காதீங்க.

போன வாரம் காலேஜுக்கு என் பைக்லதான் போனோம். அவன் ஓட்டினான். இருபத்தஞ்சு கிலோமீட்டர் ஸ்பீடு. சைக்கிள்காரர்கூட எங்களை ஓவர்டேக் பண்ணினார். பின்னாடி உட்கார்ந்திருந்த நான் வாயே திறக்கலை பாஸ்!