கோல்மன் தெருவில் ஒரு கேமரா

சிங்கப்பூர் சிட்டி ஹால் ரயில் நிலையத்தை ஒட்டிய கோல்மன் தெருவில், பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கைமாறிய கேமராக்களுக்குப் பேர்போனது. தோட்டத்துக் கல்யாணங்களைப் பழைய கேனனில் எடுத்துவந்த நண்பர், நிக்கான் எஃப் 3 தேடி வந்தார். தொழில்முறைப் படக்காரர்களுக்காக 1980இல் வந்த கேமரா அது. தாலி கட்டும் நேரத்தில் பாட்டரி தீர்ந்தாலும், முன்பக்க நெம்புகோலை அழுத்தினால் 60இல் ஒரு விநாடி வேகத்தில் படம் விழும்!

ஆனால் கேனன் லென்ஸ் இதில் ஏறாது. லென்ஸுக்கும் சேர்த்தே வெள்ளியை எண்ணிவைக்க வேண்டும். பின்மூடி ஓரத்துப் பஞ்சு பிசுபிசுத்தால் பயமில்லை, மாற்றிவிடலாம். லென்ஸை மட்டும் டார்ச் ஒளியில் பாருங்கள். நம் ஈரக்காற்றில் பூஞ்சணம் நூல்நூலாய்ப் படரும். கண்ணாடியை அரித்துவிட்டால் மீளாது. இரண்டை ஒதுக்கி, மூன்றாவதை வாங்கினார். நிக்கானில் குவிய வளையம் எதிர்ப்பக்கம் திரும்பும். கை பழகும்வரை கல்யாணத்துக்குக் கேனனே போகட்டும் என்றேன்.