நேரமில்லா நேரம்

வித்துராவிலிருந்து மலையேறும் சாலைகளில் ஒன்று பொன்முடிக்குச் செல்கிறது. மற்றொன்று போனக்காட்டில் முடிகிறது. அகத்தியர் கூடத்திற்கு நடைப்பயணம் செல்வோர் புறப்படும் இடமும் அதுவே. தமிழுக்கு இலக்கணம் தந்தவர் என்று தொன்மம் போற்றும் முனிவரின் மலையடிவாரத்தில், தேயிலை பறிக்க வந்த தமிழ்த் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் லயங்களில் வாழ்கின்றனர். ஆலை ஓய்ந்து ஆண்டுகள் பல ஆயின. ஒழுகும் கூரையும் வந்து சேராத பணிக்கொடையும் அவ்வப்போது செய்தித்தாள்களில் இடம்பெற்று மறைகின்றன.

அந்த லயங்களிலிருந்து ஒரு மனு புறப்படுகிறது என்று கொள்வோம். கூரையைப் பற்றிய எளிய மனு. வித்துரா, அருவிக்கரை சட்டமன்றத் தொகுதிக்கும் ஆற்றிங்ஙல் மக்களவைத் தொகுதிக்கும் உட்பட்டது. எனவே அம்மனு டெல்லிவரை போவதற்கு வழி உண்டு. உறுப்பினருக்கு மனம் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அதற்குமேல் அவருக்குத் தேவைப்படுவது ஒன்றுதான்: நேரம். மக்களாட்சியைப் பற்றிப் பேசும்போது வாக்குகளை எண்ணுகிறோம், இருக்கைகளை எண்ணுகிறோம். நிமிடங்களை எண்ணுவோர் குறைவு.

முதல் வாயில் கேள்வி நேரம். மக்களவையில் அலுவல் தொடங்கும் முதல் ஒரு மணி நேரம் அதற்குரியது. குறைந்தது 15 நாள்களுக்கு முன்பே கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். குலுக்கலில் தேறினால், ஒரு நாளுக்கு 20 என வரையறுக்கப்பட்ட நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளுள் அதுவும் ஒன்றாகும். அந்த இருபதிலும் வாய்மொழி விடை பெறுபவை சிலவே. எஞ்சியவற்றுக்கான விடைகள் அவையின் மேசையில் வைக்கப்படும். மேலும், அமைச்சகங்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஒரு நாள் வகுக்கப்பட்டுள்ளது. தேயிலை வாரியம் வணிக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. தொழிலாளர் நலனுக்கோ தனி அமைச்சகம். பறிக்கப்படும் இலைக்கு ஓர் அமைச்சகம், பறிக்கும் கைக்கு வேறோர் அமைச்சகம். கேள்வி கேட்பவர் முதலில் இலையா, கையா என்று முடிவு செய்தாக வேண்டும்.

இரண்டாம் வாயில் மக்களவையின் 377ஆம் விதி. தொகுதியின் குறைகளை எழுப்ப இதுவே பெரிதும் பயன்படுகிறது. ஓர் உறுப்பினருக்கு வாரத்திற்கு ஓர் அறிவிப்பு; உரையின் அளவு 250 சொற்களுக்கு மிகாமல். அந்த வாரத்தில் தேர்வாகாத அறிவிப்பு வார முடிவில் காலாவதியாகிவிடும். மறுவாரம் மீண்டும் எழுதிக் கொடுக்க வேண்டும். கூரையின் ஒழுக்கு காலாவதியாவதில்லை. அதைப் பற்றிய அறிவிப்புக்கு மட்டுமே ஆயுள் ஒரு வாரம்.

மூன்றாவது வாயிலின் பெயர்தான் மொழியியல் மாணவரை நின்று நோக்கச் செய்வது. கேள்வி நேரம் முடிந்த பின், அவசரப் பொருள்களை எழுப்பும் இடைவேளையை ஆங்கிலத்தில் ‘ஜீரோ அவர்’ என்கிறார்கள். விதிப்புத்தகத்தில் இடம்பெறாமல், 1960களின் தொடக்கத்தில் வழக்கத்தால் மட்டுமே உருவான இந்திய ஏற்பாடு அது. மலையாளம் அதைச் ‘சூன்யவேள’ என்று வழங்குகிறது, வெறுமையான வேளை. தமிழ்நாட்டுச் சட்டமன்ற வழக்கோ ‘நேரமில்லா நேரம்’ என்கிறது. சூன்யவேள ஆங்கிலத்தின் நிழலில் நிற்பது. நேரமில்லா நேரம் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறது. நிகழ்ச்சி நிரலில் தங்களுக்கென்று நேரம் இல்லாதவர்கள், இல்லாத நேரத்திலிருந்து தமக்கெனக் கிள்ளி எடுத்துக்கொள்ளும் நேரம் அது.

அவ்வாறாயின், இருக்கும் நேரம் யாருடையது? மக்களவைத் தலைவரின் தலைமையில் 15 உறுப்பினர்கள் கொண்ட அலுவல் ஆய்வுக் குழு, எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்று பரிந்துரைக்கிறது. அந்த மணி நேரம் கட்சிகளின் பலத்திற்கேற்பப் பகிரப்படுகிறது. எந்த மசோதா வரவேண்டும் என்பதைப் பெரும்பாலும் அரசே தீர்மானிக்கிறது. வாரக் கடைசியில் நாடாளுமன்ற விவகார அமைச்சர் எழுந்து, வரும் வாரத்தின் அரசு அலுவல்களை அறிவிப்பார். உடனே உறுப்பினர்கள் சிலர் எழுந்து, இன்னின்ன பொருள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கோருவர். கோரிக்கைகள் பதிவாகும். சேர்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை.

பிரிட்டன் மக்கள் அவையிலும் இதே சடங்கு உண்டு. ஆனால் அங்கே ஒவ்வோர் அமர்வுத்தொடரிலும் 20 நாள்கள் எதிர்க்கட்சிகளுக்கென்று நிலையாணையில் ஒதுக்கப்பட்டுள்ளன. அந்நாள்களில் எதை விவாதிப்பது என்பதை அவர்களே முடிவு செய்வர். 2010 முதல் பின்வரிசை உறுப்பினர்களுக்கும் அவ்வாறான ஒரு குழு இயங்குகிறது. அம்முறையைப் பெரிதும் பின்பற்றி எழுந்த நம் மக்களவையில் எதிர்க்கட்சி நாள் என்று ஒன்று இல்லை.

நேரம் பறிபோனால் என்ன ஆகும் என்பதைப் போனக்காட்டின் லயங்களிலிருந்தே காணலாம். தோட்டத் தொழிலாளர்க்கு வீடு தரும் கடமையை முதலாளிகளுக்கு விதித்தது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். 2020 செப்டம்பரில் பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கூட்டப்பட்ட குறுகிய கூட்டத்தொடரில் கேள்வி நேரம் நீக்கப்பட்டது. எழுத்துமூல விடைகள் மட்டுமே வழங்கப்பட்டன. தனி உறுப்பினர் அலுவலும் இல்லை. நேரமில்லா நேரம் அரை மணியாகக் குறுகியது. அந்தக் கூட்டத்தொடரில்தான், 1951ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்ட பணிப் பாதுகாப்புத் தொகுப்பு செப்டம்பர் 22 அன்று மக்களவையிலும், மறுநாள் எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்த மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அக்டோபர் 1 வரை திட்டமிடப்பட்டிருந்த கூட்டத்தொடர் அன்றே முடித்துக்கொள்ளப்பட்டது. புதிய தொகுப்பிலும் தோட்டத் தொழிலாளர் வீட்டுவசதிக்கு இடம் உண்டு. அது நல்லதா, போதாததா என்பது வேறு விவாதம். அந்த விவாதத்தை ஓர் அமைச்சரின் முகத்துக்கு நேரே கேள்வியாக எழுப்ப அந்நாள்களில் ஒரு மணி நேரம் இருக்கவில்லை என்பதே இங்குக் குறிக்கத்தக்கது.

இத்தனைக்கும் நடுவே வெள்ளிக்கிழமை பிற்பகல் என்றொன்று இருக்கிறது. இரண்டரை மணி நேரம், அமைச்சரல்லாத உறுப்பினர்களின் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் உரியது. தொகுதிக்குத் திரும்பும் அவசரத்தில் இருக்கைகள் காலியாகத் தொடங்கும் பொழுது. விடுதலைக்குப் பின் இவ்வழியில் சட்டமானவை 14 மட்டுமே. கடைசியாக நிறைவேறியது 1970இல். ஆயினும் 2015 ஏப்ரல் 24, ஒரு வெள்ளிக்கிழமை, திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதாவை மாநிலங்களவை குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளுக்குப் பின் ஓர் அவையைக் கடந்த தனி உறுப்பினர் மசோதா அது. மக்களவையில் அது சட்டமாகவில்லை. அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது. 2019இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தைத் திருநர் அமைப்புகள் பலவும் எதிர்த்தன. எனினும், யாருமற்ற பிற்பகல் என்று ஒதுக்கப்பட்ட வேளை ஒரு சமூகத்தின் பெயரை நாட்டின் நிகழ்ச்சி நிரலில் எழுதியது. அதன் பிறகு அரசு அதைக் கடந்து போக முடியவில்லை.

ஆகவே வார அலுவல் பட்டியல் வெறும் எழுத்தர் வேலை அன்று. எவருடைய துயர் திங்கள்கிழமைக்குரியது, எவருடையது வெள்ளி மாலைக்குரியது, எவருடையது எந்நாளுக்கும் உரியதன்று என்பதை வகுக்கும் ஆவணம் அது. தொலைக்காட்சியில் அமளி காட்டப்படும்போது வீணாகும் பணத்தைப் பலரும் கணக்கிடுகிறார்கள். அமளியில் முதலில் கரைவது கேள்வி நேரமும் நேரமில்லா நேரமுமே என்பதையும் அக்கணக்கில் சேர்க்கலாம். மசோதாக்கள் அமளிக்கு நடுவிலும் நிறைவேறிவிடுகின்றன. மனுக்கள் அவ்வாறு நிறைவேறுவதில்லை.

வெள்ளி மாலை வித்துராவிலிருந்து போனக்காட்டுக்குப் பேருந்து ஏறுகிறது. டெல்லியில் அடுத்த வாரத்தின் பட்டியல் அச்சாகிறது. இவ்வாரம் தேர்வாகாத 250 சொற்கள் காலாவதியாகிவிட்டன. திங்கள்கிழமை யாரேனும் ஒருவர் அவற்றை மறுபடியும் எழுதிக் கொடுக்க வேண்டும்.