நான் மறுத்த மாத்திரை

சினைப்பைப் புற்றுநோய்க்காக இரண்டு சினைப்பைகளும் கருப்பையும் அகற்றப்பட்ட 36 வயதுப் பெண்ணுக்கு ஹார்மோன் மாத்திரை எழுத மறுத்தேன். அவருடைய நோய் அதற்குக் காரணம் அல்ல. என் பயம்தான் காரணம். தெரியாது என்று சொல்லவிடாத கர்வமும் கூட இருந்தது. அந்த மறுப்புக்கு விலை கொடுத்தது அவர். ஆறு வருடம் கொடுத்தார்.

நான் பெண்கள் மருத்துவர். தென் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் சொந்தமாக கிளினிக் நடத்துகிறேன். தொண்ணூறுகளில், மாதவிடாய் நின்று அவதிப்பட்டு வந்த பெண்களுக்கெல்லாம் ஹார்மோன் மாத்திரை தாராளமாக எழுதினேன். எலும்புக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது, தோல்கூடப் பளபளப்பாக இருக்கும் என்றேன். இதில் பாதியை மருந்து கம்பெனி நடத்திய கூட்டங்களில் கேட்டேன். மீதியை அந்தக் கூட்டங்களில் கேட்டவர்களிடம் கேட்டேன். மூல ஆய்வு எதையும் நான் படித்திருக்கவில்லை.

2002 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்று பெயர். 50 முதல் 79 வயது வரையுள்ள 16,608 பெண்கள் அதில் இருந்தார்கள். ஒரு பாதிக்கு, சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனோடு செயற்கைப் புரோஜெஸ்ட்ரோனும் சேர்ந்த மாத்திரை. மறு பாதிக்கு வெறும் மாத்திரை. ஹார்மோன் சாப்பிட்டவர்களில், ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 பேர் வீதம் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடின. செய்தி உலகமெங்கும் பரவியது. எனக்கு அது பத்திரிகை வழியாகத்தான் வந்தது. அன்றோடு எல்லோருக்கும் ஹார்மோனை நிறுத்தினேன். முன்பு படிக்காமல் கொடுத்தேன். இப்போது படிக்காமல் நிறுத்தினேன்.

அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63 என்பது எனக்குத் தெரியாது. 2004-ல் அதே ஆய்வின் இன்னொரு பகுதி வெளிவந்தது. கருப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்திருந்தார்கள். பக்கவாதம் கூடியது. மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. அதையும் நான் படிக்கவில்லை. பயந்துபோனவளுக்கு மறுசெய்தி காதில் விழவில்லை.

2009 மார்கழியில் அந்த 36 வயதுப் பெண் வந்தார். பள்ளி ஆசிரியை. மதுரையில் அறுவை சிகிச்சை முடிந்து, கீமோவும் முடிந்து, தலையில் முடி குட்டையாக, சுருள் சுருளாக முளைத்திருந்தது. காலைக் குளிருக்கு ஃபேனை நிறுத்தி வைத்திருந்தேன். அவர் தன் ரிப்போர்ட் ஃபைலால் விசிறிக்கொண்டே உட்கார்ந்தார்.

"போர்டுல எழுதிட்டிருக்கும்போதே குப்புனு ஏறுது மேடம். ப்ளவுஸ் நனைஞ்சுடுது. பசங்க பாக்குறாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அதுக்கப்புறம் தூக்கமே இல்ல."

கணவரை நான் வெளியே அனுப்பிய பிறகு மீதியைச் சொன்னார். "அவர் பக்கத்துல வந்தாலே பயமா இருக்கு. உயிர் போற வலி. இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

இயல்பாக மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் பல வருடங்களில் மெல்ல இறங்கும். சினைப்பைகளை வெட்டி எடுத்தால் சில நாட்களில் அடியோடு போய்விடும். 36 வயதில் அது போனால் வியர்வையும் தூக்கமின்மையும் மட்டும் பிரச்சினை அல்ல. எலும்பு கரையத் தொடங்கும். இதய நோய்க்கான வாய்ப்பு கூடும். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தேர்வில் எழுதித் தேர்ச்சி பெற்ற பாடம்.

ஃபைலில் ஒரு கடிதம் இருந்தது. அறுவை சிகிச்சை செய்த டாக்டர் எனக்கு எழுதியது. திசுப் பரிசோதனையில் ஹை கிரேடு சீரஸ் வகை என்று வந்திருக்கிறது, நோயாளியின் வயதைக் கருதி ஈஸ்ட்ரோஜன் கொடுப்பது பற்றி நீங்கள் முடிவு செய்யலாம் என்று கடைசி வரியில் எழுதியிருந்தார். நான் அதைப் படித்தேன். திரும்பவும் படித்தேன். பிறகு டிஸ்சார்ஜ் சம்மரிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

"லெட்டர்ல ஏதோ எழுதியிருக்கேன்னு அந்த சார் சொன்னாங்க மேடம்" என்றார் அவர்.

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "அவங்க ஆபரேஷன் பண்றவங்கம்மா. ஹார்மோன் எங்க சப்ஜெக்ட். ஹார்மோன் கொடுத்தா கேன்சர் திரும்பி வந்துடும். உங்களுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு. யோசிச்சுக்கோங்க."

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளைச் சொன்ன பிறகு எந்தத் தாய் கேட்பாள்? அது தெரிந்துதான் சொன்னேன். கேஸ் ஷீட்டில் 'ஹார்மோன் கூடாது' என்று எழுதி அடியில் கோடு போட்டேன். கால்சியம் மாத்திரை எழுதினேன். மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அந்தச் சில நிமிடங்களில் என் மனதில் ஓடிய கணக்கு இதுதான். இந்த நோய் பலருக்குத் திரும்பி வரும். நான் மாத்திரை கொடுத்த பிறகு வந்தால், டாக்டரம்மா கொடுத்த மாத்திரையால் வந்தது என்று ஊர் பேசும். கொடுக்காமல் விட்டு, பத்து வருடம் கழித்து எலும்பு முறிந்தால் யாரும் என்னைக் கைகாட்ட மாட்டார்கள். எனக்கு எது பாதுகாப்பு என்று பார்த்தேன். அவருக்கு எது நல்லது என்று பார்க்கவில்லை. இதை எச்சரிக்கை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எச்சரிக்கையான மருத்துவராக இருந்திருந்தால் நான்கு கேள்வி கேட்டிருப்பேன். அம்மாவுக்கோ சித்திக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்ததா என்றுகூட நான் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று பதில் வந்திருந்தால், என் தயக்கத்துக்கு மருத்துவக் காரணம் ஒன்றாவது இருந்திருக்கும்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஹார்மோன் கூடாது என்ற விதியைச் சினைப்பைக்கும் நீட்டினேன். மார்பகத்தில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜனால் வளர்பவை. அந்தப் பெண்களுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்த ஸ்வீடன் ஆய்வு ஒன்றை 2003 டிசம்பரில் நிறுத்த வேண்டிவந்தது. ஹார்மோன் எடுத்தவர்களில் 26 பேருக்கும், எடுக்காதவர்களில் 7 பேருக்கும் புற்றுநோய் மறுபடி வந்திருந்தது. சினைப்பைப் புற்றுநோய் அப்படி ஒரே வகை அல்ல. கிரானுலோசா செல் கட்டி, லோ கிரேடு சீரஸ் போன்ற சிலவற்றுக்கு ஈஸ்ட்ரோஜன் ஆகாது. எண்டோமெட்ரியாய்டு வகையிலும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் இவருக்கு வந்தது ஹை கிரேடு சீரஸ். அந்த வகையில் தடை இல்லை. தென்னாப்பிரிக்காவில் 130 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 1999-லேயே வெளிவந்துவிட்டது. ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் நோய் திரும்புவதில் வேறுபாடு இல்லை என்று அதில் இருந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்த அமெரிக்கப் பெண்களைவிட ஒரு தலைமுறை இளையவர். கருப்பை இல்லாததால் புரோஜெஸ்ட்ரோனே அவருக்குத் தேவையில்லை. நான் பயந்த ஆய்வு அவரைப் பற்றியதே அல்ல. ஒரு வாரம் பொறுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தால் போதும். நோயாளி முன்னால் தெரியாது என்று சொல்வது எனக்கு அவமானமாகப் பட்டது.

மறுப்பு சரியாக இருந்த இடத்திலும் நான் தப்பு செய்தேன். மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்சிஃபென் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், வியர்வை தாங்கவில்லை, ஏதாவது கொடுங்கள் என்று வந்தார். வயது நாற்பத்து நான்கு. ஹார்மோன் கூடாது என்றேன். அதுவரை சரி. "உயிர் முக்கியமா, வேர்வை முக்கியமா?" என்றும் கேட்டேன். வியர்வையைக் குறைக்க, வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்து போல, ஹார்மோன் அல்லாத மருந்துகள் இருந்தன. மனச்சோர்வுக்கான மருந்துகளிலேயே பராக்சிடின், ஃப்ளூவாக்சிடின் இரண்டும் டாமாக்சிஃபென் வேலை செய்வதைக் குறைப்பவை. அவற்றை விலக்கி மற்றதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உட்கார்ந்து யோசித்தால் வழி இருந்தது. வெளியே ஓ.பி. நிரம்பியிருந்தது. நான் யோசிக்கவில்லை. அவர் யாரிடமும் சொல்லாமல் டாமாக்சிஃபெனை நிறுத்திவிட்டார். ஐந்து வருடம் விடாமல் சாப்பிட்டால் மார்பகப் புற்றுநோய் இறப்பை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கிற மருந்து அது. நோய் முதுகெலும்பில் திரும்பி வந்தது. அவர் இறந்துபோனார். மாத்திரையை விட்டதால்தான் வந்தது என்று ஒரு தனி மனிதரின் விஷயத்தில் யாராலும் நிரூபிக்க முடியாது. நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் போவதில்லை. மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்க அவர் என்னிடம் திரும்பி வரவில்லை. வர முடியாதபடி பேசி அனுப்பியது நான்.

ஆசிரியை தொடர்ந்து வந்துகொண்டிருந்தார். அதுதான் இன்றும் எனக்கு வலிக்கிறது. என்னை நம்பி வந்தார். ஒவ்வொரு முறையும் கால்சியம். ஒவ்வொரு முறையும் தைரியம். தலைமை ஆசிரியை பதவி உயர்வு வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாக ஒருமுறை சொன்னார். தூங்காமல் எப்படி மேடம் பொறுப்பு ஏற்கிறது என்றார். நான் தலையாட்டினேன்.

2015-ல் ஒரு நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது முதுகில் மளுக்கென்றது. எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. எலும்பின் அடர்த்தியைப் பார்க்க டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். 42 வயதுப் பெண்ணுக்கு எழுபதைத் தாண்டியவரின் எலும்பு. "எதனால மேடம் இப்படி?" என்று கேட்டார். கால்சியம் குறைந்திருக்கிறது என்றேன். அது இரண்டாவது பொய். முதல் பொய்யையாவது அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். இதைச் சொல்லும்போது உண்மையான காரணம் எனக்குத் தெரியும்.

அதே ஆண்டு பிரிட்டன், ஸ்பெயின், ஹங்கேரி மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. சினைப்பைப் புற்றுநோய் வந்த 150 பெண்கள். பாதிப் பேருக்கு ஹார்மோன். சுமார் 19 வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஹார்மோன் எடுத்தவர்கள் சீக்கிரம் இறக்கவில்லை. கூடுதல் காலம் உயிரோடு இருந்தார்கள். சிறிய ஆய்வு. அதை மட்டும் வைத்து எல்லோருக்கும் ஹார்மோன் கொடுத்துவிட முடியாது. ஆனால் "கேன்சர் திரும்பி வந்துடும்" என்று நான் அடித்துச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதைக் காட்ட அது போதும். இரவு முழுவதும் உட்கார்ந்து, பழைய ஆய்வுகளையும் தேடிப் படித்தேன். அந்தத் தென்னாப்பிரிக்க ஆய்வை முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

கணவன் மனைவி இருவரையும் வரச்சொன்னேன். ஓ.பி. முடிந்த பிறகு, நர்ஸையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சொன்னேன். ஈஸ்ட்ரோஜன் அப்போதே கொடுத்திருக்கலாம், கொடுக்காதது என் தவறு, எலும்பு இப்படி ஆனதற்கு அது முக்கியக் காரணம் என்றேன். ஆசிரியை ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்டார்.

"அன்னிக்கு அந்த லெட்டரை நீங்க படிச்சீங்களா மேடம்?"

"படிச்சேன்."

"படிச்சுட்டுத்தான் அப்படிச் சொன்னீங்களா?"

"ஆமாம்மா."

அவர் அழவில்லை. கணவர்தான் அழுதார். "ஆறு வருஷமா இவதான் மாறிட்டான்னு நெனச்சிட்டிருந்தேன் மேடம். என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சேன்" என்றார். வலிக்கிறது என்று கணவரிடம் சொல்ல மனைவிக்கு வாய் வரவில்லை. கணவருக்குக் கேட்கத் தெரியவில்லை. இருவரையும் உட்கார வைத்து இரண்டு வார்த்தை பேசியிருக்க வேண்டியவள் நான். முதல் நாளே கணவரை வெளியே அனுப்பிவிட்டேன். பிறகு உள்ளே கூப்பிடவே இல்லை.

கேஸ் ஷீட் முழுவதையும் நகல் எடுத்துக் கொடுத்தேன். கோடு போட்ட அந்தப் பக்கமும் அதில் இருந்தது. அவர் மதுரையில் வேறொரு டாக்டரிடம் போனார். ரத்தப் பரிசோதனையும் மேமோகிராமும் எடுத்து, குடும்பத்தில் யாருக்கெல்லாம் என்ன நோய் என்று கேட்டு, பிறகு ஈஸ்ட்ரோஜன் ஜெல் கொடுத்தார்களாம். எலும்புக்குத் தனி மருந்து. சில வாரங்களில் தூக்கம் வந்துவிட்டது என்று போனில் சொன்னார். சில வாரங்களில் வரக்கூடிய தூக்கம் அது. புற்றுநோய் இதுவரை திரும்பவில்லை. நசுங்கிய எலும்பு நிமிராது. பதவி உயர்வு போனது போனதுதான். அந்த வீட்டில் ஆறு வருடம் எப்படிக் கழிந்தது என்பது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

வழக்கு எதுவும் போடவில்லை. போட்டிருந்தால் என் வக்கீல் என்னைக் காப்பாற்றியிருப்பார். சினைப்பைப் புற்றுநோய் வந்தவருக்கு ஹார்மோன் கொடுக்கவில்லை என்பதற்காக ஒரு மருத்துவரைத் தண்டிப்பது கடினம். 2009-ல் என்னைப் போலவே மறுத்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் எல்லோருடைய மேசைக்கும் அந்தக் கடிதம் வரவில்லை. என் மேசைக்கு வந்தது.

இதை எழுதப் போவதாக அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். ஊரையும் பெயரையும் விட்டுவிடுங்கள், பிள்ளைகள் படிக்கிற வயது என்றார். லெட்டரைப் படித்த விஷயத்தை மட்டும் விடக் கூடாது என்றார்.