நூலால் ஓர் ஆறுதல்

பருத்தியும் நூலும் எங்கள் ஊருக்குப் புதியவை அல்ல. 1936-ஆம் ஆண்டில் திரு. பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலம் முதல் ஆலைச் சங்கின் ஓசை கேட்டு எழுந்து பழகிய ஊர் இது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பாண்டேஜ் துணி பல ஊர் மருத்துவமனைகளுக்குப் போகிறது. காயத்தைக் கட்டும் துணியை நாம் அறிவோம். ஆனால் காயம் ஆறிய பிறகும் சில பெண்களுக்கு ஒரு குறை மிஞ்சி நிற்கிறது என்பதையும், அந்தக் குறையையும் நூலால் ஓரளவு போக்கலாம் என்பதையும் இந்தக் கல்வியாண்டில்தான் நாங்கள் அறிந்தோம்.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் எங்கள் தையல் வகுப்புக்கு முன்னாள் மாணவியான அக்கா ஒருவர் வந்தார். பையிலிருந்து நூலால் பின்னிய உருண்டையான ஒரு பொருளை எடுத்து மேசைமேல் வைத்தார். எங்களுள் ஒருத்தி குழந்தைக் குல்லா என்றாள். இன்னொருத்தி ஊசி குத்திவைக்கும் மெத்தை என்றாள். "புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்கள் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகம் இது" என்றார் அக்கா. வகுப்பு அமைதியாகிவிட்டது. சிலர் தலையைக் குனிந்துகொண்டோம். பின் வரிசையில் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தவர்களும் உண்டு.

எங்களுக்குத் தமிழ் கற்பிக்கும் சிஸ்டர் அப்போது வகுப்பில் இருந்தார். அவர் கோபிக்கவில்லை. "லூக்கா நற்செய்தியில் ஒரு பெண் கூட்டத்தின் நடுவிலிருந்து குரலெழுப்பி, ஆண்டவருக்குப் பாலூட்டிய மார்பை வாழ்த்துகிறாள். நமக்குப் பக்கத்து ஊர் ஆண்டாள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சொல்லைத் தயங்காமல் தன் பாசுரங்களில் வைத்தாள். நாம் மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்? வெட்கத்தால் மறைத்த நோய்தான் முற்றிய நோய் ஆகிறது" என்றார். அன்று அந்தச் சொல்லை எல்லாரும் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னோம். அதன்பின் சிரிப்பு வரவில்லை.

அக்கா சொன்ன வரலாறு சுவையானது. கனடா நாட்டின் டொரான்டோ நகரில் பெரில் சாங் என்ற பெண்மணி, தம் அறுவைக்குப் பின் தமக்காகப் பின்னிக்கொண்ட மார்பகத்தின் பின்னல் முறையை 2005-இல் எல்லாரும் அறிய வெளியிட்டார். அமெரிக்காவில் பார்பரா டெமோரெஸ்ட் என்பவர் 2011-இல் அறுவை செய்துகொண்டபோது, காயம் ஆறும் வரை சில வாரங்களுக்கு வழக்கமான செயற்கை மார்பகத்தை அணிய இயலாது என்று அறிந்து கலங்கினார். மருத்துவர் அவருக்கு நூல் மார்பகத்தின் படத்தைக் காட்டினார்; தோழி ஒருவர் பின்னிக் கொடுத்தார். தமக்குக் கிடைத்த ஆறுதல் மற்றவர்க்கும் கிடைக்கட்டும் என்று அவர் தொடங்கிய தொண்டு பல நாடுகளுக்கும் பரவியது. நம் நாட்டில் மும்பையைச் சேர்ந்த திருமதி ஜெயஸ்ரீ ரத்தன் 2018-இல் இப்பணியைத் தொடங்கினார். அவருடைய சாய்ஷா இந்தியா ஃபவுண்டேஷனில் பின்னல் தெரிந்த பெண்கள் பலர் சேர்ந்து, விலை எதுவும் வாங்காமல் பின்னிக் கொடுத்து வருகிறார்கள்.

சிலிக்கோனால் செய்தவை கடைகளில் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் விலை கூலி வேலை செய்பவர்களுக்கு எட்டாதது. நம் ஊர் வெயிலில் அவை வியர்வையோடு உடம்பில் ஒட்டிக்கொண்டு உறுத்தும். பருத்தி நூலோ காற்றோட்டமானது, தழும்பை உறுத்தாதது, துவைத்து உலர்த்தக்கூடியது. சிலிக்கோனுக்கு உள்ள கனம் இதற்கு இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரு தோள்களும் சமமாக நிற்க அந்தக் கனம் சிலருக்குத் தேவைப்படும். எதை அணிவது, எப்போது அணிவது என்பதை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். மெல்லிய பருத்தி நூலும் குரோஷா ஊசியும் போதும். முதல் சுற்றில் 6 கண்ணிகள், அடுத்ததில் 12, அதற்கடுத்து 18, 24 என்று ஆறு ஆறாகக் கூட்டினால் பின்னல் தட்டையான வட்டமாக விரியும். கூட்டுவதைக் குறைத்தவுடன் அது தானே வளைந்து கிண்ணமாகும். கணக்குப் பாடத்தில் புரியாத வடிவியல் எங்களில் சிலருக்கு இங்கேதான் புரிந்தது! பின்புறத்தைச் சுருக்குக் கயிறு வைத்து மூடுகிறோம். அணிபவர் அதைத் திறந்து, தம் அளவுக்கு ஏற்பப் பஞ்சைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். எங்கள் வீடுகளில் தாராளமாக இருப்பது இலவம்பஞ்சு. ஆனால் அது துவைத்தால் கட்டிகட்டியாகிவிடும். ஆகவே ரெக்ரான் பஞ்சையே வாங்கினோம். முடிச்சு எதுவும் உடம்பின் பக்கம் வரக்கூடாது என்பது அக்கா எங்களுக்கு விதித்த கண்டிப்பான சட்டம். முடிச்சு தெரிந்தால் பிரித்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடினோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் மாணவியர் கடைசி மணி அடித்தவுடன் பஸ்ஸுக்கு ஓடாமல் தங்கினார்கள். அவர்களுள் ஒருத்தியின் அம்மா பூக்கட்டிப் பிழைப்பவர். மகளை அழைத்துப்போக வந்தவர் ஊசியை வாங்கிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் எங்கள் எல்லாரையும் முந்திவிட்டார். "பூவுக்குப் போடுற முடிச்சை விட இது லேசுதான் தாயி" என்றார். ஊசி வேலையைப் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் தென்னாட்டின் வரலாற்றைப் பார்க்கட்டும். மார்த்தா மால்ட் அம்மையார் 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாகர்கோவிலில் லேஸ் பின்னல் கற்றுக்கொடுத்தபோது, அந்த வருவாயைக் கொண்டு அடிமைப்பட்டிருந்த பெண்கள் தங்கள் விடுதலையையே பெற்றார்கள். அவர் மகள் எலிசா கால்டுவெல் அதே கலையை இடையன்குடிக்குக் கொண்டு சென்றார்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் வகுப்பறைகளைப் பெருக்கும் ஆயா, வாரியலைச் சுவரில் சாய்த்துவிட்டு நாங்கள் பின்னுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இது எதற்கு என்று கேட்டார். சொன்னோம். அவர் சிஸ்டரின் அருகே போய் மெல்லிய குரலில் பேசினார். "சிஸ்டர், எனக்கும் இந்தப் பக்கம் ஒரு கட்டி கெடக்கு. ஆறு மாசமாச்சு. வலி இல்லையேன்னு விட்டுட்டேன். வீட்ல எல்லாம் ஆம்பளப் பிள்ளைக. யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

"நாளைக்கே நான் கூட வர்றேன்" என்றார் சிஸ்டர். சொன்னபடியே போனார்.

வலி இல்லாதது நல்ல அடையாளம் அல்ல என்பதை அன்றுதான் நாங்கள் கற்றோம். இந்நோயின் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. மதுரையில் பரிசோதித்துப் புற்றுநோய் என்று உறுதி செய்தார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை நடந்தது. கட்டியைச் சிறியதாக இருக்கும்போதே கண்டால், பலருக்கு அதை மட்டும் அகற்றி மார்பகத்தைக் காப்பாற்ற முடிகிறது. ஆயாவுக்கு அது முடியவில்லை.

பல வாரங்களுக்குப் பின் ஆயா எங்களைப் பார்க்க வந்தார். மருந்தால் முடி உதிர்ந்து தலையில் துண்டு கட்டியிருந்தார். பேசும்போதெல்லாம் வலது கை முந்தானையை இழுத்து இழுத்து இடப்பக்கத்தை மூடிக்கொண்டே இருந்தது. பழைய சேலைத் துணியைச் சுருட்டி ஊக்கு மாட்டி வைத்திருந்தாராம். நடந்தால் அது நழுவிவிடுகிறதாம். கல்யாண வீடு எதற்கும் போவதில்லை என்றார். அவர் அளவுக்குப் பின்னிக் கொடுத்தோம். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு அணிந்து வந்தார். பஞ்சை இருமுறை குறைக்கச் சொன்னார், குறைத்தோம். பிறகு எங்கள் தையல் அறையில் இரண்டு கைகளாலும் டீக்குவளையைப் பிடித்துக் குடித்தார். முந்தானை தோளில் தானாகவே நின்றது. அதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் பார்த்தோம்.

பிப்ரவரி 5 புனித ஆகத்தாவின் திருநாள். மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் விசுவாசத்துக்காக மார்பு அறுக்கப்பட்டு மறைசாட்சியான கன்னி அவர். மார்பக நோயுற்றோருக்குப் பாதுகாவலியும் அவரே. அன்று காலைத் திருப்பலியில் நாங்கள் பின்னிய 41 நூல் மார்பகங்களைக் காணிக்கைக் கூடையில் வைத்தோம். பின்னர் அவை அக்காவின் மூலம் தேவைப்படுவோரைச் சேர்ந்தன. யார் அணிகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அன்னையரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2022-இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே முதலிடத்தில் உள்ளது. கட்டி, தோல் ஆரஞ்சுத் தோலைப் போல் குழிவது, காம்பு உள்ளிழுப்பது, காம்பிலிருந்து இரத்தம் கசிவது — இவற்றில் எதைக் கண்டாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல, பெரும்பாலானவை தீங்கற்றவையே. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். அண்டை வீட்டார் அல்லர். 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அரசு சுகாதார நிலையங்களில் பரிசோதிக்க ஏற்பாடு உண்டு. தந்தையரே, உங்கள் வீட்டுப் பெண்கள் இதை உங்களிடம் சொல்லத் தயங்குவார்கள். நீங்களே முந்திக் கேளுங்கள்.

தங்கையரே, நாங்கள் அடுத்த ஆண்டு இப்பள்ளியை விட்டுப் போகிறோம். ஊசிகளும் மிச்ச நூலும் தையல் அறை அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலைகளில் வாருங்கள். பின்னத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் அம்மா கற்றுத்தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்