உத்தியோகமும் உயர்வும்

கொழும்பிலே நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர் என்ற முறையில், இப்பொழுது தொழிலிற் புகும் இளைஞர்க்குப் பயன்படுமாறு ஏதேனும் எழுதுக என மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். அறிவுரை கூறுவோர்க்கு இந்நாட்டிற் குறைவில்லை, கேட்போர்தாம் அரியர். ஆதலின் ஒரு பெரியாரின் உத்தியோக வரலாற்றையும் யாம் கண்ட சிலவற்றையும் கூறி அமைவோம்.

1970களிற் கொட்டாஞ்சேனையில் நண்பர் ஐவரோடு ஒரு சமறியில் வாழ்ந்தோம். வெள்ளிக்கிழமை மாலைகளிற் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசரை வணங்கச் செல்வது வழக்கம். அக்கோயிலை 1856இல் நிறுவிய பொன்னம்பல முதலியாரின் மைந்தர் மூவர். அதனைக் கருங்கல்லாற் புதுக்கிய இராமநாதனை யாவரும் அறிவர். இளையவராகிய அருணாசலத்தை அரசியற் தலைவராகவே பேசுகின்றனர். அவர் கந்தோரிற் செய்த வேலையைப் பேசுவோர் சிலரே.

1853இற் பிறந்த அருணாசலம், கேம்பிரிட்சிற் கற்று, 1875இற் போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையரானார். பல ஊர்களில் நீதிபதியாயிருந்த பின், தேசாதிபதி ஆதர் கோடன் காலத்திற் பதிவாளர் நாயகமானார். அத்திணைக்களத்தின் நிலை அப்போது சீர்கெட்டிருந்தது. காணி வாங்குவோன், அது முன்னரே விற்கப்பட்டதோ ஈடு வைக்கப்பட்டதோ என்று அறிதல் வேண்டும். ஒழுங்கான அட்டவணை இல்லாத கந்தோரில் இலிகிதரின் நினைவே அட்டவணையாகும். அந்நினைவுக்கு விலையும் உண்டு. அருணாசலம் ஆவணக்கூடம் ஒன்றை அமைத்து, உறுதிகளை எளிதில் எடுத்தற்கேற்ற அட்டவணை முறையையும் வகுத்தார்.

அதனோடு நின்றிருந்தால் அவரைத் திறமையுள்ள அதிகாரி என்று சொல்லி அப்பாற் சென்றிருப்போம். அவர் தம் ஊழியருக்காக உதவிநிதி ஒன்றைத் தொடங்கினார். வாசிகசாலையும் நூல்நிலையமும் ஏற்படுத்தினார். கடன்பட்ட இலிகிதன் கையூட்டுக்கு எளிதில் வசமாவான். அவனைத் தண்டிப்பது ஒரு வழி; கடனைத் தீர்க்க வழிசெய்து, வாசிக்க ஓரிடமும் கொடுப்பது பிறிதொரு வழி. பின்னாளில் அவர் மேற்பார்த்த 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 35 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் எண்ணப்பட்டனர். அத்தகைய பெருவேலை ஒருவர் தனித்துச் செய்யத்தக்கதன்று.

எம் அநுபவமும் இதற்கு ஒத்ததே. யாம் முதலிற் சேர்ந்த கந்தோரிற் பிரதம இலிகிதர் சுற்றுநிருபங்களையெல்லாம் தமது மேசை இழுப்பறையில் இட்டுப் பூட்டி வைத்திருந்தார். எவரும் அவரையே கேட்டல் வேண்டும். அவர் ஒரு மாதம் நோயுற்றுக் கிடந்தபோது கந்தோரும் உடன் படுத்துவிட்டது! அடுத்த கந்தோரில் வாய்த்தவர் ஒரு சிங்களப் பெரியவர். எம் வரைவுகளிற் பிழையான இடத்தைச் சிவப்பு மையாற் கீறுவாரேயன்றித் தாமாகத் திருத்தார். மூன்று முறையும் யாமே எழுதுவோம். நல்ல கடிதம் மேலே போகும்போது, “இது இன்னார் எழுதியது” என்று மேலதிகாரியிடம் சொல்லியே ஒப்பம் வாங்குவார். அவரிடம் பயின்றோர் பலர் பின்னர் அவரினும் உயர்ந்த பதவி பெற்றனர். அதனால் அவர் முகம் வாடியதை யாம் கண்டதில்லை.

ஒன்றை மறைத்தல் தகாது. திறமையிருப்பின் எவரும் உயரலாம் என்று மேடைகளிற் கூறுகின்றனர். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பின், சிங்களத் தேர்ச்சி பெறாத தமிழ் உத்தியோகத்தர் பலருக்குச் சம்பள ஏற்றம் நின்றது. பலர் காலத்துக்கு முன்பே இளைப்பாறினர். அவர்கள் திறமையற்றவரல்லர், ஏணியை எடுத்து வேறு சுவரிற் சாத்திவிட்டனர். 1987இற் செய்யப்பட்ட பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆயினும் சட்டப்புத்தகத்துக்கும் கந்தோர் யன்னலுக்குமிடையே தூரம் அதிகம்.

இவையெல்லாம் அறிந்தும், சிங்களத்தை நன்கு கற்குமாறே இளைஞர்க்குச் சொல்வோம். கட்டாயத்துக்குக் கற்ற மொழி பரீட்சையோடு மறந்துபோம். எமக்கு அம்மொழி படிந்தது பரீட்சைப் புத்தகத்தாலன்று. கொட்டாஞ்சேனையிற் பாண் விற்றவரோடும் அயல்வீட்டாரோடும் பேசிய பேச்சாலேயே. வந்தவரின் மொழியில் விடை சொல்லும் உத்தியோகத்தனை அவர் எளிதில் மறவார்.

எம்மைப் பயிற்றிய பெரியவர் இளைப்பாறிய நாளில், தம் கைப்பட எழுதிய குறிப்புப் புத்தகத்தை அடுத்து வந்தவரிடம் ஒப்படைத்தார். எந்தக் கோவை எங்குளது, எவ்விதிக்கு எது விலக்கு என்றெல்லாம் அதில் இருந்தன. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இன்று இளைப்பாறிய கணக்காளரும் பொறியியலாளரும் ஆசிரியருமாக எம் பழைய மாணவர் பலர், அத்தகைய புத்தகங்களைத் தலையிற் சுமந்துகொண்டு மாலைப்பொழுதைப் போக்குகின்றனர். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்களையும் புதிதாகத் தொழிலிற் சேர்ந்தோரையும் ஓரிடத்திற் கூட்டுவிக்கச் சங்கத்தார் ஒழுங்கு செய்வாராயின், கதிரை அடுக்குதற்கு யாம் நேரத்தோடு வருவோம்.